சண்டை வீட்டுக் கிணறு

பொழிச்சலூரில் ஒரு தெருவுக்குள் போய், வீடு வீடாகக் கேட்டைத் தட்டி, "போன வருஷத்துக்கு முந்தின கோடையில ஒரு சாயங்காலம் உங்க வீட்டுல புருஷன் பெண்டாட்டி சண்டை நடந்துதா?" என்று விசாரித்தவன் நான். யாரும் அடிக்கவில்லை. அந்தத் தெருக்காரர்களைப் பற்றி நான் தருகிற முதல் நற்சான்று அதுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். தலைமுடி பின்வாங்கத் தொடங்கிய வயதில் மாணவனானவன். என் கைடு என்னைவிட இளையவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார். ஒருவருக்கொருவர் கொடுத்த மரியாதையில் ஆராய்ச்சி மெதுவாகத்தான் நகர்ந்தது.

ஆராய்ச்சி இதுதான்: பம்மல், பொழிச்சலூர், குரோம்பேட்டை பக்கத்து வீட்டுக் கிணறுகளில் எவ்வளவு உப்பு இருக்கிறது? ஒரு வறட்சிக் கோடை முழுக்க, கல்லூரி விட்டதும் ஸ்கூட்டரில் பாட்டில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கேட்டைத் தட்டி விஷயத்தைச் சொல்லி, கிணற்றில் ஒரு வாளி இறைத்து, பாட்டிலில் பிடித்து, மறுநாள் கல்லூரியில் சோதித்து, எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். இவ்வளவுதான் வேலை. இதில் தப்பு நடக்க இடமே இல்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன்.

எண்ணுக்குப் பக்கத்தில் வீட்டின் அடையாளத்தை எழுத வேண்டும். பொழிச்சலூர்த் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய எண், புது எண், பிளாட் எண் என்று மூன்று உண்டு. தபால்காரர் மூன்றையும் நம்புவதில்லை. தவிர, வீட்டுக்காரர்களிடம், "உங்க வீடு எதுன்னு வெளிய தெரியாது" என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கிணறு உப்பு என்று ஊருக்குத் தெரிந்தால் மாடிப் போர்ஷனுக்கு யார் குடிவருவார்கள்? அதனால் எண்ணை எல்லாம் விட்டுவிட்டு, அன்றைக்கு அந்த வீட்டில் கண்ணில் பட்டதை வைத்தே பெயர் வைத்தேன். நாய் வீடு. வடாம் வீடு. ட்யூஷன் வீடு. காபி வீடு. காபி வேணுமான்னு கேட்டாங்க ஆனா வரல வீடு. பெயரைப் பார்த்ததும் வீடு கண்முன் வந்து நிற்கும் என்பது திட்டம். வந்து நின்றது, ஒரு மாதம் வரைக்கும். அதற்குப் பிறகு ரகசியம் இன்னும் பத்திரமாகிவிட்டது. எனக்கே தெரியவில்லை.

அந்த ஃபைலை நான் காத்த விதத்தைப் பார்த்தவர்கள், உள்ளே இருப்பது கிணற்றுத் தண்ணீர் அல்ல, அணுகுண்டு என்று நினைத்திருப்பார்கள். ஒரு பிரதி பென் டிரைவில், பென் டிரைவ் கழுத்தில். இன்னொரு பிரதி சி.டி.யில், அந்த சி.டி. இரும்புலியூரில் மாமியார் வீட்டு பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு நடுவே. பூச்சி உருண்டை வாசனை அடிக்கும் தரவு வைத்திருந்த ஒரே ஆராய்ச்சியாளன் நானாகத்தான் இருப்பேன். சக ஆசிரியர் யாராவது, "உங்க டேட்டாவை ஒருவாட்டி பார்க்கலாமா?" என்று கேட்டால், பல் துலக்கும் பிரஷ்ஷைக் கடன் கேட்ட மாதிரி அவரைப் பார்ப்பேன்.

இத்தனை பாதுகாப்புக்கும் காரணம் ஒரே ஒரு வரி. பொழிச்சலூர்த் தெருவில் எல்லாக் கிணறும் உப்பு. வாயில் வைத்தால் முகம் சுளிக்கும். ஆனால் நட்ட நடுவில் ஒரு கிணறு மட்டும் இளநீர் மாதிரி! இடதுபக்கத்து வீடு உப்பு, வலதுபக்கத்து வீடு உப்பு, இது இனிப்பு. அந்த எண்ணைப் பார்த்த அன்று எனக்குள் ஒரு விஞ்ஞானி பிறந்தான். பூமிக்கு அடியில் பாறை வெடிப்பு, அதில் ஒரு தனி ஊற்று என்று நூல்களைப் புரட்டி, "உவர்நிலத்தில் ஒரு நன்னீர்த் தீவு" என்ற தலைப்பில் நாலாவது அத்தியாயத்தை எழுதினேன். ஒரு கருத்தரங்கில் வாசித்தேன். பலத்த கைத்தட்டல். அடுத்தது சாப்பாட்டு இடைவேளை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அங்கே கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் உண்மையாகவே கேட்டிருக்கிறார். சில வாரம் கழித்து அவரிடமிருந்து மெயில் வந்தது. வேறு மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் நிலத்தடி நீர் வரைபடம் போடுகிறவர். மிகப் பணிவான மனிதர். என் அட்டவணை முழுவதையும் அனுப்ப முடியுமா, அந்த இனிப்புக் கிணறு சரியாக எந்த இடம் என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். கடைசியில் ஒரு வரி: அங்குள்ள பாறை அமைப்பைப் பார்த்தால் நல்ல தண்ணீர் வர வழியில்லை, ஒருவேளை தட்டச்சுப் பிழையாக இருக்குமோ?

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதைப் படித்தேன். அவர் எழுதியது தட்டச்சுப் பிழை என்று. நான் படித்தது, "யோவ், இந்த எண்ணை நீயே போட்டுக்கிட்டியா?" என்று. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தும் வேர்த்தது. அந்த மெயிலை மறுபடி படிக்காத மெயிலாக மாற்றி வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வீட்டுக்குப் போனேன். சில நாள் அப்படியே ஓட்டினேன். படிக்காத மெயிலாக மாற்றினால் அனுப்பியவருக்கும் அது அனுப்பாத மெயிலாகிவிடும் என்று என் உடம்பில் ஏதோ ஒரு பாகம் நம்பியது.

அவர் இரண்டாவது மெயிலை எனக்கும் கைடுக்கும் சேர்த்து அனுப்பினார்.

"என்ன சார், டேட்டா கேட்டிருக்கார், அனுப்பலையா?" என்றார் மேடம்.

"அனுப்பணும் மேடம். கம்ப்யூட்டர்ல வைரஸ் மாதிரி ஏதோ..."

"வைரஸ் ஒரு கிணத்தை மட்டும் இனிப்பாக்குமா சார்?"

பென் டிரைவைக் கழற்றிக் கொடுத்தேன். கழுத்து லேசானது, மற்றதெல்லாம் கனத்தது. மேடம் ஃபைலைத் திறந்தார். நாய் வீடு, வடாம் வீடு என்று படித்துக்கொண்டே வந்தவர், கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவது தெரிந்தது. இனிப்பு வரிக்கு வந்ததும் நிறுத்தினார்.

"சண்டை வீடு. இது என்ன சார்?"

"நான் போனப்போ உள்ள புருஷன் பெண்டாட்டிக்குள்ள பயங்கர சண்டை மேடம். கேட் திறந்திருந்தது. கிணறு பக்கவாட்டுல. கூப்பிட்டுப் பார்த்தேன், அவங்க சத்தத்துல என் சத்தம் கேட்கல. நானே ஒரு வாளி இறைச்சு, பாட்டில்ல பிடிச்சுக்கிட்டு ஓடி வந்துட்டேன்."

"எந்த வீடு?"

நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"தெரியாதா?"

"தெருவுக்கு நடுவுல எங்கேயோ மேடம்."

"அந்த வரியை எடுத்துடலாமா?" என்று நானே தொடர்ந்தேன். என் பயத்துக்கு அது பெரிய தியாகமாகத் தோன்றியது.

"எடுத்தா நாலாவது அத்தியாயமும் போயிடும். சரி, எடுக்கலாம். ஆனா ஏன் எடுத்தோம்னு எழுதணுமில்ல? ஏன்?"

ஒருவர் கேட்டார், எனக்குப் பயமாக இருந்தது, அதனால் எடுத்தேன். இதை எந்த ஆங்கிலத்தில் எழுதினாலும் நன்றாக இருக்காது. மேடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். அந்தக் கிணற்றைக் கண்டுபிடித்து, தண்ணீர் ஏன் இனித்தது என்று சொன்னால் கையெழுத்து. இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை. பதிவுக்காலம் ஏற்கெனவே நீட்டித்து நீட்டித்து ரப்பராகியிருந்தது. அதற்கு மேல் நீட்டினால் அறுந்துவிடும்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கேட்டாள். "சண்டை வீடுன்னு எழுதினது நம்ம வீடு இல்லையே?"

"நம்ம வீடு பொழிச்சலூர்லயா இருக்கு?"

"அப்போ அது ஒண்ணுதான் வித்தியாசம். சரி, போய்க் கேளுங்க. பொறுமையாக் கேளுங்க. ஹெல்மெட்டைக் கழட்டாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். தெரு அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. நாய் வீட்டில் நாய் இல்லை, எதிர்வீட்டில் ஒரு நாய் இருந்தது. ட்யூஷன் வீட்டில் இப்போது தையல் வகுப்பு. நடுத்தெருவில் நான்கைந்து வீடுகள் ஒரே பில்டர் கட்டிய ஒரே மாதிரி வீடுகள். கிணறு எல்லாவற்றிலும் பக்கவாட்டில்தான்.

முதல் வீட்டில் கதவைத் திறந்தவர் பனியனோடு, கையில் பேப்பரோடு இருந்தார். நான் விஷயத்தை நாகரிகமாகத் தொடங்கி, சுற்றி வளைத்து, கேள்விக்கு வந்து சேர்ந்த நேரத்தில் தலைக்கு மேலே விமானம். விமான நிலையத்தை ஒட்டிய அந்தத் தெருவில் விமானம் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். நான் வெளியூர். நிறுத்தத் தெரியாமல் குரலை உயர்த்தினேன். "சண்டை! உங்க வீட்டுல! நீங்களும் உங்க சம்சாரமும்!" என்று நான் கத்திக்கொண்டிருந்தபோது விமானம் போய்விட்டது. கடைசி வார்த்தை மட்டும் தெரு முழுக்க எதிரொலித்தது.

அவர் பேப்பரை மடித்தார். "எங்க வீட்டுல சண்டையே வராது சார்" என்றார்.

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "வராது சார். நான் பேசினாத்தானே வரும்? பேசறதுக்கு விட்டாத்தானே?"

"நீ சும்மா இருக்கியா?"

"பார்த்தீங்களா சார்?"

நான் நழுவினேன். இரண்டாவது வீட்டிலும் சண்டை வராது. மூன்றாவது வீட்டிலும் வராது. ஆனால் மூன்று வீட்டுக்காரர்களும் பக்கத்து வீட்டைக் காட்டினார்கள். "எங்க வீட்டுல இல்லை சார். அவங்க வீட்டுல கேளுங்க, அங்கதான் அப்பப்ப..." என்று குரலைத் தாழ்த்தி, கண்ணால் சுவரைக் காட்டினார்கள். இப்படிக் காட்டியதையெல்லாம் வைத்துப் பார்த்தால் தெருவில் எல்லா வீடும் சண்டை வீடு. என் பெயரிடும் முறையில் இருந்த அடிப்படைக் குறை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

குரோம்பேட்டையில் மோட்டார், பைப் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் அந்தத் தெருவில் இருந்தார். வீட்டு வாசலில் வேனைக் கழுவிக்கொண்டு, நான் கதவு கதவாகத் துரத்தப்படுவதை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தண்ணி சார்" என்றார். அந்தக் கோடையில் அந்தத் தெரு எனக்கு வைத்த பெயர் அது. நான் மட்டும்தான் பெயர் வைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "என்ன, இந்தவாட்டி பாட்டில் இல்லாம வந்திருக்கீங்க? யார் சண்டை போட்டாங்கன்னு கணக்கெடுப்பா?"

சொன்னேன். பாய் ஹோஸ் பைப்பைக் கீழே போட்டார். முகம் மலர்ந்தது.

"அட, லாரிச் சண்டையா? அதை யார் சார் மறப்பாங்க! என் வேனை எடுக்க முடியாம ஒரு மணி நேரம் நின்னேன். பேங்க்ல வேலை பாக்குறாரே அவரு, டீச்சரம்மா வீட்டுக்காரரு. வாங்க."

கைகூடத் துடைக்காமல் என்னை இழுத்துக்கொண்டு போனார். பக்கத்து வீடு. கேட்டில் பழைய எண், புது எண், பிளாட் எண் மூன்றும் இருந்தன. பாய் காம்பவுண்டுக்கு வெளியே நின்றே கூப்பிட்டார். "சார்! டீச்சரம்மா! உங்க லாரி மேட்டருக்குக் காலேஜ்லேர்ந்து வந்திருக்காங்க!"

கணவர் வந்தார். வங்கி ஊழியருக்கே உரிய, கவுண்டருக்குப் பின்னாலிருந்து பார்க்கும் பார்வை. மனைவி வந்தார். பள்ளியில் கணக்கு ஆசிரியை என்று பிறகு தெரிந்தது, நின்ற விதத்தில் அப்போதே தெரிந்தது. நான் விளக்கினேன். அன்றைக்குக் கேட்காமல் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடியதற்கு மன்னிப்பும் சேர்த்துக்கொண்டேன்.

"லாரியா? எந்த லாரி?" என்றார் கணவர்.

"எந்த லாரியா?" என்றார் டீச்சர். அந்த ஒரு கேள்வியில் இரண்டு வருடத்து ஈரம் இன்னும் காயாமல் இருந்தது. "நான் காலையில ஸ்கூல்லேர்ந்து போன் பண்ணி தண்ணி லாரி சொன்னேன் சார். சாயங்காலம் வந்துச்சு, தொட்டி ரொம்பிடுச்சு. லாரி போய் ஒரு நாழி ஆகல, இன்னொரு லாரி வந்து நிக்குது. இவர் சொன்னது."

"நான்தான் முதல்ல சொன்னேன். பேங்க்லேர்ந்து பத்து மணிக்கே போன் பண்ணிட்டேன். உனக்குச் சொல்றதுக்குள்ள..."

"சொல்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுச்சா?"

பாய்க்குப் பொறுக்கவில்லை. லாரி டிரைவராகவே மாறி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நடித்துக் காட்டினார். "இன்னா சார் பேஜார் பண்றே? கொண்டாந்த தண்ணிய திருப்பி எத்துகினு போவ சொல்றியே! எங்க ஊத்தணும்னு சொல்லு, ஊத்திட்டுப் போய்க்கினே இருப்பேன்!" பிறகு மறுபடி பாயாகி, என்னிடம் சொன்னார். "இவரு ஒரு பக்கம் முழிக்கிறாரு, அம்மா ஒரு பக்கம் கத்துறாங்க. டிரைவர் பார்த்தான். ஹோஸை எடுத்தான், கிணத்துக்குள்ள விட்டான், லாரி மொத்தத்தையும் இறக்கிட்டுப் போயிட்டான். கிணத்துல அன்னைக்கு ஒரு குடம் தண்ணி கூட இல்லை சார், அந்தக் கோடையில."

கேட்டைத் தாண்டிப் பக்கவாட்டுக்குப் போனேன். கிணற்றுக் கைப்பிடிச் சுவரிலேயே உட்கார்ந்தேன். பாறை வெடிப்பு, தனி ஊற்று, நன்னீர்த் தீவு, சாப்பாட்டுக்கு முந்தைய கைத்தட்டல் எல்லாம் ஒரு டிரைவர் ஹோஸைப் போட்டதில் வந்தது. எங்கேயோ செங்கல்பட்டுப் பக்கத்து விவசாயக் கிணற்றுத் தண்ணீரைப் பொழிச்சலூரில் இறைத்து, அதற்கு நாற்பது பக்கம் நில அமைப்பியல் எழுதியிருக்கிறேன். சண்டை நடந்தது என்று எழுதிக்கொள்ளத் தெரிந்தவன், எதற்குச் சண்டை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஸ்கூட்டரில் உப்பளக்கும் கையடக்க மீட்டர் இருந்தது. எடுத்து வந்து ஒரு வாளி இறைத்து வைத்துப் பார்த்தேன். உப்பு. அக்கம்பக்கத்துக்குச் சற்றும் குறையாத, தெருவின் மானத்தைக் காப்பாற்றும் உப்பு.

"என்ன சார், நல்ல தண்ணிதானே?" என்றார் கணவர் ஆவலாக.

"தெரு எப்படியோ அப்படித்தான் சார்."

"அப்பவே நினைச்சேன். ரெண்டு வாரம் இனிச்சுது. அப்புறம் பழையபடி." அவர் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா அந்த ரெண்டு வாரம் பருப்பு நல்லா வெந்துச்சு இல்ல?"

"வெந்துச்சு" என்றார் டீச்சர், வேண்டா வெறுப்பாக.

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். நடந்ததை எழுதினால்தான் என் ஆராய்ச்சி நிற்கும். ஆனால் வீடு தெரியாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பெயர், எண், எதுவும் வராது. வெளித் தண்ணீர் சேர்ந்தது என்று மட்டும் எழுதிக்கொள்ளலாமா?

கணவர் தலையாட்டினார். டீச்சர் ஆட்டவில்லை.

"பேர் வேண்டாம் சார். ஆனா நடந்ததைச் சரியா எழுதணும். ரெண்டாவது லாரி இவர் சொன்னதுன்னு எழுதுங்க."

"முதல்ல சொன்னது நான். ரெண்டாவதா வந்தது என் லாரி. ரெண்டும் வேற வேற."

"சொன்னதுக்கு ஆதாரம் இருக்கா?"

"நீ சொன்னதுக்கு இருக்கா?"

பாய் என் தோளில் கைவைத்து, "இப்ப எடுத்துக்குங்க சார் சாம்பிள், அன்னைக்கு மாதிரியே சண்டை நடக்குது" என்று காதில் சொன்னார். நான் என் குடிதண்ணீர் பாட்டிலைக் காலி செய்து எடுத்துக்கொண்டேன். அவர்கள் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தமுறை கன்னத்தைக் கடிக்காமல் சிரித்தார். அந்தச் சிரிப்பை விடுதலையாக எடுத்துக்கொள்வதா, தண்டனையாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

"பயந்துட்டீங்களா சார்?"

"பொய்க் கணக்குன்னு நினைச்சுடுவாங்களோன்னுதான் மேடம்."

"எண்ணு சரியான எண்ணுதான் சார். தண்ணிதான் தப்பான தண்ணி." வரியை எடுக்க விடவில்லை. அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் குறிப்பு என்று ஒரு புதுக் கட்டம் போட்டு நடந்ததை எழுதுங்கள் என்றார். இந்த ஒரு வரிக்கு மட்டும் அல்ல, எல்லாவற்றுக்கும். அந்த வாரம் மறுபடி பொழிச்சலூர் போய், பாயைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, எல்லா வீட்டையும் கண்டுபிடித்தேன். வடாம் வீட்டுக்கும் நாய் வீட்டுக்கும் அடையாளம் தெரியாத குறியீடு கொடுத்து, எடுத்த தேதி, கிணற்றில் இருந்த நீர்மட்டம், வெளித் தண்ணீர் சேர்ந்ததா இல்லையா என்று ஒவ்வொன்றாக நிரப்பினேன். இன்னும் இரண்டு வீட்டில், நான் மாதிரி எடுப்பதற்குச் சில வாரம் முன்பு, லாரித் தண்ணீர் கிணற்றுக்குப் போய், நான் போவதற்குள் உப்பு திரும்பியிருந்தது தெரிந்தது. அங்கே சண்டை நடக்காததால் எனக்குத் தெரியாமல் போயிருந்தது. நாலாவது அத்தியாயம் நாற்பது பக்கத்திலிருந்து ஒரு பத்தியாகச் சுருங்கியது. மேடம் கையெழுத்துப் போட்டார். மாதம் முடியவில்லை.

ஃபைலை அந்தப் பணிவான மனிதருக்கு அனுப்பினேன். சண்டை வீட்டு வரிக்கு நேரே ஆங்கிலத்தில் இப்படி எழுதியிருந்தேன்: மாதிரி எடுப்பதற்குச் சற்று முன், குடும்பத்தார் இருவரும் தனித்தனியே வரவழைத்த இரண்டு லாரிகளில் ஒன்றின் நீர் கிணற்றில் ஊற்றப்பட்டது.

அனுப்பு பொத்தானை அழுத்தும்போது கண்ணை மூடிக்கொண்டேன். வலிக்கவில்லை.

மறுநாளே பதில் வந்தது. மிக்க நன்றி, அட்டவணை தெளிவாக இருக்கிறது, வரைபடத்தில் உங்கள் தரவைச் சேர்த்துக்கொள்கிறேன், உங்கள் பெயரையும் குறிப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தார். கீழே தனியாக இன்னொரு வரி. ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத கேள்வி, தவறாக நினைக்க வேண்டாம், நானும் என் மனைவியும் நேற்றிரவிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம்: முதலில் லாரிக்குச் சொன்னது யார்?

யோசித்துப் பார்த்து, நேர்மையாகப் பதில் எழுதினேன். இரு தரப்பு வாக்குமூலங்களும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன, முடிவுக்கு வரப் போதுமான தரவு இல்லை.